செங்காந்தளின் வாழிடமும் உயிர்வேலி மரபும்: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், இன்று மருந்துப் பயிராக வயல்களில் வளர்க்கப்படுகிறது. கொங்கு வட்டாரத்தில் இக்கொடியின் இயல்பான வாழிடம் மலையடிவாரப் புதர்க்காடும் உயிர்வேலியுமே ஆகும். வயலில் பெருகியுள்ள எண்ணிக்கையைக் கொண்டு அதன் பாதுகாப்பு நிலையை மதிப்பிடுவது பொருந்தாது என்பதையும், வேலியின் வரலாற்றோடு இணைத்தே அதனை ஆராய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: செங்காந்தள், கொல்லிமலை, உயிர்வேலி, கண்வலிக்கிழங்கு, வாழிடம்

முன்னுரை

சேர்வராயன், கல்வராயன், கொல்லி, போதமலை ஆகிய மலைகளுக்கு இடையிலும் அவற்றின் அடிவாரங்களிலும் விரிந்து கிடப்பது சேலம் – நாமக்கல் சமவெளி. மழை குறைந்த இந்நிலத்தின் இயற்கைத் தாவரம் முட்புதர்க்காடு. அப்புதர்களைப் பற்றி ஏறும் கொடிகளுள் ஒன்று செங்காந்தள். கார்ல் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குக் குளோரியோசா சுபர்பா என்னும் அறிவியற்பெயரை இட்டார். கலப்பையை ஒத்த கிழங்கினால் கலப்பைக்கிழங்கு என்றும், பூக்கும் பருவத்தால் கார்த்திகைப்பூ என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் மக்கள் இதனை வழங்குகின்றனர்.

இலக்கியச் சான்று

குறுந்தொகையின் 100ஆம் பாடல் கபிலர் பாடியது. வல்வில் ஓரியின் கொல்லிமலையைக் கூறும் அப்பாடலில், காந்தளை வேலியாக உடைய சிற்றூர் ஒன்று இடம்பெறுகிறது. ஐவன நெல்லை விதைத்து, களையாக முளைக்கும் மரலையும் மலைமல்லிகையையும் பறிக்கும் அவ்வூரார், பசி வந்தபோது யானைக்கோட்டை விற்று உண்கின்றனர். இன்றைய நாமக்கல் மாவட்டத்து மலையொன்றில் காந்தளும் வேலியும் ஒருங்கே குறிக்கப்படுவது இவ்வாய்வுக்கு அடிப்படையான சான்றாகும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பெயர் பற்றியது. கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிப்பாட்டு செங்காந்தள், கோடல், தோன்றி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. கோடலை வெண்காந்தள் என்று உரையாளர் கொள்வர். எனவே நிற அடை இன்றி வரும் காந்தளை உடனே செங்காந்தள் எனத் துணிவது எளிதன்று. ஆயினும் மலைநிலச் சூழலும் கொடியின் இயல்பும் அம்முடிவுக்கே துணை நிற்கின்றன. இரண்டாவது, வேலி பற்றியது. செங்காந்தள் தானே நிமிர்ந்து நிற்கும் செடியன்று. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ள குற்றுச்செடியைத் தழுவியே அது ஏறுகிறது. ஆதலின் காந்தள் வேலி என்பது காந்தள் மட்டுமே அமைந்த வேலியாக இருந்திருக்க இயலாது. பிற புதர்கள் தாங்க, அவற்றின் மேல் காந்தள் படர்ந்த வேலி என்று கொள்வதே பொருந்தும்.

சமவெளியின் வேலியும் சட்டத்தின் எல்லையும்

கொங்கு நாட்டு உழவர் மேய்ச்சல் நிலத்துக்கும் புன்செய்க்கும் கிளுவையை நட்டு உயிர்வேலி அமைப்பது மரபு. ஆண்டுதோறும் உழப்படாத இவ்வேலியின் அடிமண்ணில் காந்தட்கிழங்கு கோடையில் உறங்கி, மழை கண்டதும் துளிர்க்கிறது. முள்ளும் கிளையும் அதற்குக் கொழுகொம்பும் காவலும் ஆகின்றன. காடு குறைந்த சமவெளியில் வேலியே அக்கொடிக்கு எஞ்சிய காடாக விளங்கியது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் வழி மலைக்காடுகள் ஒதுக்குக்காடுகள் ஆயின. வேலியோ உழவரின் உடைமை. அச்சட்டத்தின் காவல் அதனை எட்டவில்லை. அடுத்து வந்த மாற்றங்கள் இவ்விடைவெளியிலேயே நிகழ்ந்தன. கிணற்றுப் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் பெருகப் புன்செய் தோட்டமாயிற்று. பல இடங்களில் உயிர்வேலி நீங்கிக் கல்தூணும் கம்பியும் வந்தன. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. தரிசுகளில் சீமைக்கருவேலமும் அடிவாரங்களில் உண்ணிச்செடியும் அடர்ந்தன.

காட்டுக்கொடி பயிரான வரலாறு

1820ஆம் ஆண்டில் பெல்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து பிரித்தெடுத்த நச்சுப்பொருளே பின்னர்க் கோல்கிசின் எனப்பட்டது. கீல்வாத மருந்தாகிய இப்பொருள் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உண்டு. விதைக்கு அயல்நாட்டுச் சந்தை அமையவே, திருப்பூர், கரூர், திண்டுக்கல், சேலம் முதலிய மாவட்டங்களில் இது பயிராயிற்று. நடுவதற்குரிய கிழங்கு முதலில் காட்டிலிருந்தும் வேலியிலிருந்துமே தோண்டப்பட்டது. கிழங்கைத் தோண்டினால் செடியே இல்லையாகும். பயிர்த்தொழிலின் தொடக்கமே காட்டினத்தின் இழப்பாகவும் அமைந்தது.

வயலில் கொடி ஏறுவதற்குக் கம்பியுடன் கிளுவை, விராலி ஆகியவற்றையும் நடுவது உண்டு. அழிந்து வரும் வேலியின் வடிவத்தை உழவர் வயலுக்குள் மீண்டும் படைக்கின்றனர் எனலாம். ஆயினும் வேறுபாடு பெரிது. வயலில் மகரந்தத்தைக் கையால் சேர்க்கின்றனர். வேலியில் அப்பணி பூச்சிகளுடையது. விலை வீழ்ந்தால் வயற்காந்தள் மறு ஆண்டே அகற்றப்படும்.

பாதுகாப்பு நிலை: அளவுகோல் பற்றிய வினா

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து காணப்படுவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இவ்வினம் குறைந்த அக்கறைக்குரியது என்னும் வகையில் உள்ளது. ஆத்திரேலியக் கடற்கரை மணல்மேடுகளில் இது அகற்றப்பட வேண்டிய அயற்களையாகவே கருதப்படுகிறது. இவை உலக அளவில் சரியான மதிப்பீடுகள். ஆனால் இராசிபுரத்து வேலியில் பூத்த கொடி அங்கு இன்றும் உண்டா என்னும் வினாவுக்கு இவை விடை தாரா.

கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கருநாடகப் பகுதியின் தாவரத் தொகுதி, இம்மலைகளையும் சமவெளியையும் உள்ளடக்கியது. அதற்கு அடிப்படையான உலர்தாவரத் தாள்கள் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் இராபினாத்து உலர்தாவரகத்தில் உள்ளன. இத்தகைய தாள்கள் இடத்தையும் நாளையும் காட்டுவன. நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது. ஆகையால் பழைய பதிவுகளைச் சேலம் என்னும் பெயரிலேயே தேடுதல் வேண்டும்.

முடிவுரை

கொல்லிமலைச் சிற்றூரின் வேலி முதல் இன்றைய வயல் வரை, செங்காந்தளின் வரலாறு மனிதர் நிலத்தை வகுத்த முறையின் வரலாறாகவும் உள்ளது. கொடி வயலில் பெருகியது. அதன் வாழிடம் வேலியில் சுருங்கியது. இவ்விரண்டையும் ஒரே எண்ணிக்கையில் அடக்கினால் இழப்பு கண்ணுக்குப் புலனாகாது. உலர்தாவரத் தாள்கள் சுட்டும் ஊர்களுக்கு மீண்டும் சென்று, எஞ்சியுள்ள கிளுவை வேலிகளைப் பதிவுசெய்து, அங்குள்ள முதியோர் வழங்கும் பெயர்களையும் நினைவுகளையும் தொகுப்பது தாவரவியலாரும் தமிழாய்வாளரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். மாநில மலருக்குரிய பாதுகாப்பு அதன் வேலியைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.