செங்கல்லில் ஒரு செய்யுள்

வங்க நாட்டிற் பல்லாண்டுகள் வாழ்ந்தும், இருப்புப் பாதையோரத்து ஊர்களைப் பெயரளவில் அறிந்து கடந்து போவது நம்மிற் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. பாங்குரா மாவட்டத்துப் பிஷ்ணுபூர் அத்தகைய சிற்றூர்களுள் ஒன்று. மல்ல மன்னர்தம் தலைநகராய் விளங்கிய அவ்வூரின் வரலாற்றை அறிய விழைவோர், முதற்கண் அங்குள்ள கோயிற் சுவர்களையே நாடுதல் வேண்டும்.

நம் மாமல்லையிலும் தஞ்சையிலும் சிற்பியர் கருங்கல்லிற் கண்ட கலையை, இவ்வூர்க் கைவினைஞர் களிமண்ணிற் கண்டனர். ஈரமண்ணில் உருவம் செதுக்கிச் சூளையிற் சுட்டுச் சுவரிற் பதித்தனர். ஜோர் பங்களா என்னும் கோயிலைக் காண்மின்! இரு குடிசைகளை அருகருகே இணைத்து வைத்தாற்போன்ற தோற்றம். மூங்கிற்கூரை வளைவது போலவே செங்கற்கூரையும் வளைந்திருக்கிறது. சுவரெங்கும் இராமகாதை, அம்புப்படுக்கையில் வீடுமர், வேட்டைக்காட்சி, படகுகள்.

இக்கோயிலில் ஒரு செய்யுளும் உண்டு. மொழி வடமொழி; எழுத்து வங்க எழுத்து. இராதை கண்ணன் மகிழ்ச்சிக்காக, வீர ஹம்பீரன் மகனான இரகுநாத சிங்கன் இதனை அளித்தான் என்பது அதன் பொருள். ஆண்டினை மட்டும் புலவர் எண்ணாற் கூறாது, திங்கள், சுவை, இலக்கம் என்னும் சொற்களாற் குறித்தார். திங்கள் ஒன்று, சுவை ஆறு, இலக்கம் ஒன்பது. மரபுப்படி வலமிருந்து இடமாகக் கொள்ளின் 961 ஆகும்.

ஈண்டுதான் ஆராய்ச்சிக்கு வேலை பிறக்கிறது. செய்யுள் 'சகம்' என்றே சொல்லுகிறது. அதனைச் சாலிவாகன சகமெனக் கொண்டு 78 கூட்டினால், கி. பி. 1039 என்றாகும். ஆனால் வீர ஹம்பீரனோ அக்பர் காலத்தவன். அக்பர்நாமாவிலும் அவனைப் பற்றிய குறிப்பு வருகிறது. தந்தைக்கு ஐந்நூறாண்டு முன்னரே மகன் கோயில் எடுத்தல் கூடுமோ? எனவே இது மல்லர்தம் தனி ஆண்டுக் கணக்கே எனத் தெளிகிறோம். அதனொடு 694 கூட்ட, கி. பி. 1655 கிடைக்கிறது. இக்கணக்கின்படியே சியாம்ராய் கோயில் 949 ஆன 1643-ஐயும், மதனமோகனர் கோயில் 1000 ஆன 1694-ஐயும் சேர்ந்தவை. ஒரு பெயரைப் படியாது விட்டிருப்பின், ஓர் ஊரின் வரலாறு அறுநூறாண்டு பிழைபட்டிருக்கும்!

சுட்ட மண்ணும் மழையிற் கரையும்; ஓரெழுத்து உதிரின் ஓர் அரசன் மறைவான். ஆதலின் இவ்வூர்களைக் காணச் செல்லும்போது, உணவுப் பொதியுடன் ஏடும் எழுதுகோலும் கொண்டு செல்வோமாக. ஒருவர் சிற்பத்தை வரையட்டும். ஒருவர் செய்யுளைப் படியெடுக்கட்டும். வங்க எழுத்தறியாத பெற்றோர் நம்மிற் பலர். பள்ளியில் அதனைக் கற்கும் நம் மக்களே சுவரருகில் நின்று நமக்குப் படித்துக் காட்டுவர். 'சொந்த ஊர் எது?' என்னும் வினாவுக்குத் தடுமாறும் அச்சிறார்க்கு, தாமே படித்தறிந்த ஊர் ஒன்றேனும் அன்று முதல் சொந்தமாகும்.