தோல் மாறிய பரிசல்

உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஆறு என்றால் மணல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு எங்கள் பக்கமாக வந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. மழைக்காலம் போய்விட்டால் நடந்தே அக்கரை போகலாம். அதனால்தானோ என்னவோ, ஒகேனக்கல்லில் முதன்முறை பரிசலில் ஏறியபோது அருவியைவிடப் பரிசலையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவதுபோல அடியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்டினால் கூடு தயார். முன்பெல்லாம் அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் இதே படகைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேரை ஏற்றும். நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகும். ஐந்நூறு வருடம் கழித்தும் அது அப்படியேதான் சுற்றுகிறது. தோல் மட்டும் மாறிவிட்டது. பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது பல இடங்களில் மூங்கிலே இல்லாத ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. அது அதிக நாள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் என் மனசு மூங்கில் பக்கம்தான். காரணம், அதை என் காலாலேயே உணர்ந்தேன்.

அந்த முதல் சவாரியில், முழங்கால் அளவுத் தண்ணீரில் போகும்போது அடியில் ஒரு பாறை உரசியது. உள்ளங்காலுக்குக் கீழே பின்னல் மெல்ல மேலெழும்பி, பாறை நகர்ந்ததும் பழையபடி தணிந்தது. ஒரு பிளாச்சுகூட உடையவில்லை. முன்விளிம்பில் குந்தியிருந்த பரிசல்காரர் துடுப்பைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துப் போட்டார். பாறை நெருங்கியதும், "இறங்கி நடங்க சார்" என்றார். நாங்கள் கல்மேல் ஏறினோம். அவர் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போனார். பின்னாலிருந்து பார்க்க, ஓர் ஆமை எழுந்து நடப்பதுபோல இருந்தது. வெயிலில் தார் வாசம்.

இரண்டாம் முறை போனபோது, ஆற்றின் மேல்பக்கம் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிவிட்டதால் பரிசலுக்குத் தடை. கரையில் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஒருவர் மூன்று கல் கூட்டி, தகர டப்பாவில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார். கவிழ்ந்த பரிசலின் முதுகை விரலால் தடவி, ஓட்டை தட்டுப்பட்ட இடத்தில் ஒரு துண்டுச் சாக்கை வைத்து, குச்சியால் தாரை எடுத்து அப்பினார். பிறகு தலையைச் சாய்த்து ஆற்றின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, அடுத்த பரிசலுக்கு நகர்ந்தார்.