விடுதலைக்குப் பிந்திய 49 நாட்கள்: யூதர்களின் ஓமர் எண்ணிக்கை

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தமது முன்னோர் வெளியேறியதை யூதர்கள் ஆண்டுதோறும் பாஸ்கா பண்டிகையாக நினைவுகூருகிறார்கள். அந்தப் பண்டிகையின் இரண்டாவது இரவில் ஓர் எண்ணிக்கை தொடங்குகிறது. இருட்டி விண்மீன்கள் தெரிந்த பிறகு எழுந்து நின்று, சிறிய மன்றாட்டு ஒன்றைச் சொல்லி, அன்று எத்தனையாவது நாள், எத்தனை வாரங்கள் ஆகின்றன என்பதை வாய்விட்டு எண்ணுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கடமை 49 இரவுகள் தொடரும். 'செஃபிராத் ஹா ஓமர்', அதாவது ஓமர் எண்ணிக்கை என்பது இதன் பெயர்.

50ஆவது நாள் ஷாவுஓத் பண்டிகை. சீனாய் மலையில் தோரா எனப்படும் திருச்சட்டம் அருளப்பட்ட நாளாக அது கொண்டாடப்படுகிறது. கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே திருநாளின் வேரும் இதுவே. அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளே 'ஐம்பதாவது' என்பதுதான்.

அறுவடையிலிருந்து அகத்துக்கு

ஓமர் என்பது பழங்கால எபிரேயர்களின் தானிய அளவை. பாஸ்கா காலத்தில் புதிதாக அறுத்த பார்லியில் ஓர் ஓமர் அளவு எருசலேம் ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்டது. அந்தக் காணிக்கை நாளிலிருந்து ஏழு முழு வாரங்களை எண்ண வேண்டும் என்று லேவியராகமத்தின் 23ஆவது அதிகாரம் கூறுகிறது. எண்ணிக்கையின் முடிவில் கோதுமை மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள் படைக்கப்பட்டன. பார்லியைக் கால்நடைத் தீவனமாகவும் கோதுமையை மனிதரின் உணவாகவும் கண்ட யூத அறிஞர்கள், இந்த வாரங்களை மனிதன் பண்படும் காலமாக விளக்கினார்கள்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்ததோடு காணிக்கை நின்றுபோனது. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. வயலும் ஆலயமும் இல்லாத ஊர்களில் வாழ்ந்தவர்களும் எண்ணினார்கள். அடிமைத்தனத்திலிருந்து வெளியேற ஓர் இரவு போதும், அடிமை மனத்திலிருந்து வெளியேற நாட்கள் வேண்டும் என்ற எண்ணம் இந்த வழக்கத்தோடு ஒன்றிவிட்டது.

ஏழு பண்புகள், ஏழு வாரங்கள்

இந்த எண்ணத்துக்கு ஒரு திட்டவட்டமான முறையைத் தந்தவர்கள் கபாலா எனப்படும் மறைஞான மரபைச் சேர்ந்த யூதர்கள். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரம் அவர்களது பெரிய மையமாக இருந்தது. கருணை, கட்டுப்பாடு, சமநிலை, விடாமுயற்சி, பணிவு, பிணைப்பு, ஆளும் தகைமை என்று ஏழு பண்புகள் ஏழு வாரங்களுக்கு உரியவை. ஒவ்வொரு வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அதே ஏழு பண்புகள் மீண்டும் வரிசையாக வரும். ஆக 49 இணைகள்.

முதல் வாரத்தின் இரண்டாம் நாள் 'கருணைக்குள் கட்டுப்பாடு'. பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுக்கும் பெற்றோர் அன்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அன்புக்கு எல்லை எங்கே? இரண்டாம் வாரத்தின் முதல் நாள் 'கட்டுப்பாட்டுக்குள் கருணை'. கண்டிக்கும் ஆசிரியர் தமது கண்டிப்பில் மாணவர் மீதான அக்கறை எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாள் அது.

ஒரு நாள் தவறினால்

இரவில் எண்ண மறந்தவர் மறுநாள் பகலில் மன்றாட்டு இல்லாமல் எண்ணிவிட்டு, அன்றிரவு முதல் வழமைபோலத் தொடரலாம். முழு நாளும் தவறிவிட்டால்? 49 நாட்களும் சேர்ந்து ஒரே கடமை என்றனர் சில மத்தியகால அறிஞர்கள். ஒவ்வோர் இரவும் தனிக் கடமை என்றனர் வேறு சிலர். இரண்டு கருத்துகளுக்கும் இடம் கொடுத்து, தவறவிட்டவர் மன்றாட்டைச் சொல்லாமல் தொடர்ந்து எண்ணுவது வழக்கமாயிற்று. போன நாள் திரும்புவதில்லை, ஆனாலும் எண்ணுவதை விட்டுவிடக் கூடாது.

இந்த நாட்களில் ஏன் துக்கம்?

இது துக்க காலமும்கூட. இந்த வாரங்களில் பல சமூகங்களில் திருமணங்கள் நடப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி அகிவாவின் 24,000 மாணவர்கள் பாஸ்காவுக்கும் ஷாவுஓத்துக்கும் இடையில் இறந்தனர் என்றும், அவர்கள் ஒருவரை ஒருவர் மதிக்காததே அதற்குக் காரணம் என்றும் தல்மூட் கூறுகிறது. அயலானை நேசிப்பதே தோராவின் பெருங்கோட்பாடு எனப் போதித்தவர் அதே அகிவா. படிப்பு மட்டும் மனிதனைப் பண்படுத்திவிடாது என்ற எச்சரிக்கை இந்தக் கதையில் இருக்கிறது.

33ஆவது நாளான லாக் பா ஓமரில் பலர் துக்கத்தைத் தளர்த்துவார்கள். அன்று தீ மூட்டிப் பாடி ஆடுவார்கள். வட இஸ்ரேலின் மெரோன் மலையில் ரபி ஷிமோன் பார் யோஹாயின் கல்லறையில் பெருங்கூட்டம் கூடும். 2021இல் அங்கு ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் உயிரிழந்தார்கள். பழைய துக்கம் ஓயும் நாளுக்கு ஒரு புதிய துக்கமும் சேர்ந்துகொண்டது.

ஒரு பண்டிகையை எதிர்பார்த்திருப்பவர்கள் பொதுவாக இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணுவார்கள். ஓமரில் எண்ணப்படுவது இதுவரை கடந்து வந்த நாட்கள். அதனால் ஒவ்வோர் இரவும் எண்ணுபவர் முன் வருவது ஒரே கேள்வி: கழிந்த இந்த நாள் என்னில் எதை மாற்றியது?