இடிச் சத்தத்துக்கு முன்னால் வரும் சேதி



சென்ற மே மாதம் ஒரு நாள் மாலை நாலரை மணி இருக்கும். சிறுமலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க நாலைந்து பேர் ஓடினோம். துணியைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கும்போதே பின்பக்கத் தோப்பில் ஒரு தென்னை மீது இடி விழுந்தது. மறுநாள் பார்த்தால் மரம் குருத்துக் கருகி நின்றது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரவு கைபேசியை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, திண்டுக்கல் மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு என்ற எஸ்.எம்.எஸ். நாலு மணிக்கே வந்து கிடந்தது.

அனுப்பியவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நம் ஊர் ரயில் நிலையத்துக்கும் இந்திய வானிலைத் துறைக்கும் ஒரே வயது. 1875-ல்தான் திருச்சியிலிருந்து மதுரைக்கு அம்மையநாயக்கனூர் வழியாக ரயில் வந்தது. அதே 1875-ல்தான் வானிலைத் துறையும் தொடங்கியது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியதும், அதன்பின் 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் அதற்குக் காரணம். 1899-ல் நமக்கு மேலே கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. 1971 வரை அது வானிலைத் துறையின் கையில்தான் இருந்தது.

காற்றழுத்தமானி, மழைமானி, தந்தி இவற்றைக் கொண்டு கடலில் உருவாகும் பெரும்புயலை ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. ஆனால் மத்தியானம் பிறந்து மாலைக்குள் அடங்கிவிடும் இடி மேகத்தை அந்தக் கருவிகளால் பிடிக்க முடியவில்லை. இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்வார் என் பாட்டி. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஏற்பாடு யாரிடமும் இல்லை.

வழி திறந்தது 1895-ல், ரஷ்யாவில். மின்னல் வெட்டும்போது வெளிச்சமும் சத்தமும் மட்டுமல்ல, ரேடியோ அலையும் கிளம்புகிறது. அலெக்சாந்தர் போப்போவ் என்ற ஆசிரியர் அந்த அலை வந்து பட்டதும் மணி அடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். பல மைல் தள்ளி மின்னினாலும் அவர் அறையில் மணி அடித்தது. நாம் இன்று ரேடியோ என்று சொல்வதன் முன்னோடிகளில் ஒன்று, மின்னலுக்காகச் செய்த அந்த மணி.

அடுத்த படி நம் நாட்டில். வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்சன் 1908 வாக்கில் சிம்லாவில் இடி மழைத் துளிகளில் உள்ள மின்னூட்டத்தை அளந்தார். துளிகள் உடைவதால்தான் மின்சாரம் பிறக்கிறது என்பது அவர் முடிவு. மேகத்துக்குள் பனித் துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதுவதே முக்கியக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் மேகத்தின் மின்சாரத்தைக் கணக்குப் பார்த்து அளந்த ஆரம்பகாலப் பணிகளில் அது முக்கியமானது.

முதல் உலகப் போர் சமயம் இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட் விமானிகளை எச்சரிப்பதற்காக, மின்னலின் ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார். அந்த அனுபவத்தோடுதான் அவர் 1935-ல் ரேடார் வேலையில் இறங்கினார். 1970-களில் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தார் செய்த கருவிகள் மின்னல் விழுந்த இடத்தையே குறித்துக் காட்டின. 1995 முதல் செயற்கைக்கோளிலிருந்தும் மின்னலை எண்ணுகிறார்கள்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எங்கள் வங்கி வேலையைப் போன்றதுதான். நாள் முடிவில் நாலு கவுண்டர் கணக்கையும் ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே என்று பிடிப்போம். அதேபோல ஒரே மின்னலின் அலை நாலு ஊர் சென்சார்களுக்கு நாலு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அலை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் போகும். அந்த நேர வித்தியாசங்களை ஒப்பிட்டால் மின்னிய இடம் கிடைத்துவிடும்.

இதில் முன்னறிவிப்புக்குப் பயன்படும் சங்கதி ஒன்று உண்டு. மேகத்துக்குள் காற்று எவ்வளவு வேகமாக மேலேறுகிறதோ, அவ்வளவு மோதல், அவ்வளவு மின்னல். பல நேரம் மேகத்துக்குள்ளேயே மின்னிய பிறகுதான் முதல் இடி தரையில் விழும். மின்னல் எண்ணிக்கை திடீரென்று எகிறினால், சிறிது நேரத்தில் சூறைக்காற்றோ ஆலங்கட்டியோ வரலாம் என்று அர்த்தம். பத்து, இருபது நிமிடம் முன்னால் கிடைக்கும் சேதி அது. ரேடார் ஒரு சுற்று பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், மலையும் அதன் பார்வையை மறைக்கும். மின்னலின் தாழ் அலைவரிசை ரேடியோ அலை மலையைத் தாண்டியும் வந்து சேரும். மேற்கே பழனி மலையும் கிழக்கே சிறுமலையும் சூழ்ந்த நமக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

இந்தியாவில் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முதலில் மகாராஷ்டிரத்தில் சென்சார்களை நிறுவியது. இன்று நாடு முழுவதும் அந்த நிறுவனத்தின் சென்சார்கள் 80-க்கு மேல் உள்ளன. 'தாமினி' என்ற அவர்களுடைய ஆப், நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். ஆந்திராவில் 2018 ஏப்ரலில் 13 மணி நேரத்துக்குள் 36,749 மின்னல்களை எண்ணினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தும் 2020 ஜூன் 25 அன்று ஒரே நாளில் பீகாரில் 83 பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். பலர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாடு முழுவதும் 2021-ல் 2,880 பேர், 2022-ல் 2,887 பேர். எண்ணத் தெரிந்துகொண்டோம், ஆனால் சாவு குறையவில்லை.

1990-களில் நான் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். பயிர்க்கடன் வாங்கியிருந்த ஒருவர் இறந்துபோனார் என்று அவர் மனைவி சான்றிதழோடு வந்தார். காரணம் என்ன என்று கேட்டேன். "மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினாருங்க சார், இடி விழுந்துருச்சு" என்றார். அந்தம்மாவின் கைநாட்டை வாங்கி லெட்ஜரில் நாலு வரி எழுதினேன். அன்று அவரை எச்சரிக்க எந்த வழியும் இல்லை. இன்று வழி இருக்கிறது. ஆனால் அது என்னைப் போல கைபேசியை மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடுகிறவனிடம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவரிடமும் தோட்டத்தில் களை எடுக்கும் பெண்களிடமும் இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் முன் இரண்டு யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று: வாயில் காவலர் அறைக் கைபேசியில் 'தாமினி' ஆப்பைப் போட்டு வைப்போம். மின்னல் 20 கி.மீ. வட்டத்துக்குள் வந்தால், தண்ணீர் லாரி வந்ததைச் சொல்லும் அதே மைக்கில் அறிவிக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்களையும் நம் கார் நிறுத்துமிடத்துக்குள் வந்து நிற்கச் சொல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் யாரும் வெளியே போகலாம்.

இரண்டு: நம் கட்டடத்தின் இடிதாங்கிக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இடிதாங்கி கட்டடத்தைத்தான் காக்கும், மாடியில் நிற்கும் ஆளை அல்ல.

இன்னொரு எளிய கணக்கு: மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று வினாடி ஆனால் அது ஒரு கிலோமீட்டர் தொலைவு. இடி காதில் விழுந்தாலே நாம் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம்.

கார்த்திகைக்குள் இன்னும் பல இடி மழைகள் இருக்கின்றன. மைக் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.