ஆசிரியர் அறுவரும் அரங்கும்

நம் ஊர்க் கலையரங்கின் திறப்பு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று குழுவினர் அன்போடு பணித்தார்கள். தில்லைக் கூத்தன் திருவருளை முன்னிட்டு அப்பணியை ஏற்றுக்கொண்டேன். மனை வாங்கிய வரலாறும், கால்கோள் விழாவும், பொருள் உதவிய பெருமக்களின் பெயர்களும் மலரின் பிற பக்கங்களில் விரிவாக வருகின்றன. நம்மவர் யாவரும் அறிந்தவையும்கூட. ஆகவே, ஓர் அரங்கை அமைத்து நடத்துவதில் நம் முன்னோர் எதை முதலில் வைத்தார்கள், எதைப் பின்னால் வைத்தார்கள் என்ற ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

அரங்கேற்று காதை காட்டும் வரிசை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அறியாதார் நம்முள் இல்லை. மாதவி ஐந்து வயதில் பயிற்சியில் புகுந்து, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடினாள். தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அந்த அரங்கின் அளவை மேடைப் பேச்சாளர் பலரும் எடுத்துரைப்பர். மலையில் வளர்ந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்கும்படி தேர்ந்து, இருபத்துநான்கு பெருவிரல் அளவில் கோல் நறுக்குகிறார்கள். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து மேடையின் உயரம் 1, மேடைக்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடையே 4. பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால், ஏறத்தாழ 14 அடிக்கு 16 அடி மேடை. உயரம் 2 அடி. தலைக்குமேல் 8 அடி இடம். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுகளத்திலும் அவையிலும் விழாதபடி விளக்கு நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் இளங்கோவடிகள் மறவாமல் சொல்கிறார். இன்று ஒளியமைப்பாளர் படும் பாட்டை அவர் அன்றே கண்டிருக்கிறார் என்பது தமிழர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க செய்தி.

ஆனால் இந்த அளவுகள் காதையில் எந்த இடத்தில் வருகின்றன என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அவை முதலில் வரவில்லை. மாதவியைச் சொன்னதும் அடிகள் ஆடலாசிரியன் இலக்கணத்துக்குப் போகிறார். அடுத்து இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், பதினான்கு நரம்பு தொடுத்த யாழுக்கு உரிய ஆசிரியன் என ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். அறுவரையும் நிறைவாகச் சொல்லி முடித்த பிறகுதான் கோல் நறுக்குவதும், மனை கொள்வதும், மேடை எழுப்புவதும். கற்பிப்போர் முன், கட்டடம் பின். இந்த வைப்புமுறையைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் இடம் தரவில்லை. காப்பியம் செய்த பெரியவர் எதையும் வீணே வரிசைப்படுத்துபவர் அல்லர்.

அறுவருள்ளும் தண்ணுமை ஆசிரியனுக்கு அடிகள் விதிக்கும் தகுதி என்னை எப்போதும் ஈர்ப்பது. மிடற்றுப் பாடலும் யாழும் குழலும் தடையின்றிக் கேட்க வேண்டும். அவை குறையும் இடத்தில் அவன் நிரப்ப வேண்டும். மிகும் இடத்தில் அடக்க வேண்டும். தன் கருவியின் ஒலி மற்றவற்றை மூடிவிடக் கூடாது. அரங்குக்குத் தேவையான ஒழுக்கம் முழுவதும் இந்த ஓர் இலக்கணத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒலிபெருக்கிப் பலகையின்முன் அமரும் இளைஞர்கள் இந்தப் பகுதியை ஒருமுறையேனும் உரையோடு படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்தக் காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை ஒரு கருவூலம். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்னும் ஐந்து நூல்களைக் கொண்டு அவர் இசை நாடகப் பகுதிகளுக்கு உரை கண்டார். 1892இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிட்டால் அந்நூல்களில் சிலவற்றின் பெயர்கூட நமக்கு எட்டியிராது. அரங்குக்கு நிலம் தேர்வதையும் அவர் உரை விரிக்கிறது. கோயில், பள்ளி, அந்தணர் இருக்கை, கிணறு, குளம், சோலை இவற்றுக்கு இடையூறு செய்யாத இடமாக இருக்க வேண்டும். தோண்டிய மண்ணைத் திரும்ப இட்டால் குழி நிரம்ப வேண்டும். அந்த மண் இனிய மணமும் சுவையும் திண்மையும் உடையதாக இருக்க வேண்டும். ஊரின் நடுவில், தேரோடும் வீதியை நோக்கி அரங்கு அமைய வேண்டும். எல்லோரும் நடந்து வந்து சேரக்கூடிய இடத்தில் கலை இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நம் அரங்கு கடைத்தெருவை ஒட்டி அமைந்தது ஊரார் செய்த தவப்பயன்.

தஞ்சைக் கல்லில் ஓர் ஆண்டுத் திட்டம்

காப்பியம் சொன்னதைக் கல்லில் வெட்டிச் செய்துகாட்டியவன் இராசராசன். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டைப் போல, ஒரு கலை நிறுவனம் எப்படி நடக்க வேண்டும் என்று விளக்கும் ஆவணம் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்பது என் துணிபு. சோழநாடெங்கும் உள்ள கோயில்களிலிருந்து ஆடல் வல்ல பெண்டிர் நானூற்றுவரை அழைத்து வந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, ஆளுக்கு ஒரு வீடு தந்தான். திருவையாற்று உலோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்தவர், திருவாரூரிலிருந்து வந்தவர் என ஒவ்வொருவரின் ஊரும் கோயிலும் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் உள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இதுவே 40,000 கலம் ஆகிறது. நட்டுவம் செய்வோர், கானம் பாடுவோர், வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர், உவச்சர் ஆகியோருக்குரிய பங்குகள் தனி. கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர், தட்டார் ஆகியோரும் அதே பட்டியலில் பங்கு பெறுகிறார்கள். ஆடுவோருக்கு உடை தைப்பவனும் கலைக்கு வேண்டியவன் என்பதை அந்த மன்னன் உணர்ந்திருந்தான்.

இதனினும் பெரிது அதில் உள்ள வாரிசு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையெனில் அந்தந்தத் துறையில் உள்ள மற்றவர்களே தகுந்த ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உறவையும் மதித்து, தகுதியையும் விட்டுக்கொடுக்காமல், தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கலைஞர் கையிலேயே வைத்த நுட்பத்தை நினைக்க நினைக்க உள்ளம் பூரிக்கிறது. சபைகளின் விதிமுறைகளை எழுதுவோர் இதைப் பாடமாகக் கொள்ளலாம்.

திருப்பதியம் பாடுதற்கும் அதே கோயிலில் தனி ஏற்பாடு இருந்தது. பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒருவருக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். கூட்டினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம். இந்த நெல் விழாநாளுக்கு மட்டும் அளந்தது அன்று, எல்லா நாளுக்கும் அளந்தது. தேவாரம் தஞ்சையில் அன்றாடம் ஒலித்ததன் பின்னே இந்தப் படி இருந்தது. பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசி விழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் நிவந்தமாயிற்று. காமரசவல்லியில் மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆட நிலம் விட்டார்கள். எந்த நாளில், எந்தக் கூத்து, யார் ஆடுவது, எதைக் கொண்டு அவர் உண்பது என்ற நான்கும் தெளிவாக இருந்தன. இக்காலத்தில் நிகழ்ச்சித் திட்டம் என்று நாம் அச்சிடும் தாளில் முதல் மூன்றும் இருக்கும்; நான்காவது இராது.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணி

திருமுறை கண்ட வரலாற்றை உமாபதி சிவாசாரியார் பாடியிருக்கிறார். தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார். மீட்டும் பண் தெரியவில்லை. இறைவன் திருவாக்கின்படி திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவர் வழியாகவே பதிகங்களுக்குப் பண் அமைத்தார்கள். அவ்வூர் இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்குகிறது. ஏடு செல்லரித்தும் ஓரளவு எஞ்சியது. பண்ணோ ஓர் அம்மையாரின் மிடற்றில் மட்டும் உயிரோடு இருந்தது. சம்பந்தப் பெருமானுடன் யாழேந்தி ஊர் ஊராக நடந்த பாணரும், அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் தந்த கொடை, பல தலைமுறை கடந்து சைவ உலகைக் காத்தது. ஒரு குடும்பத்துக்குள் கற்பித்தல் அறுபடாமல் நடந்ததனால் மட்டுமே இது இயன்றது.

சென்னைத் தமிழ் இசைச் சங்கம்

நம் காலத்துக்கு வருவோம். பொதுமக்களுக்கான கலை நிறுவனம் ஒன்று முறையாக வளர்ந்ததற்குச் சான்று கேட்டால் நான் தமிழ் இசைச் சங்கத்தைக் காட்டுவேன். அதன் தொடக்கம் சங்கம் நிறுவிய 1943இல் அல்ல, அதற்கும் முன்னர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929இலேயே சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். சபேசையர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் போன்ற பெருமக்கள் அங்கே கற்பித்தார்கள். தமிழ்ப் பாடல்கள் பெருக வேண்டும் என்ற மாநாடு 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் பாடல்கள் சுரத்தோடு அச்சேறின. அதன் பின்னரே சென்னையில் சங்கம் பிறந்தது. 1948இல் அண்ணாமலை செட்டியார் மறைந்தார். எஸ்பிளனேடில் இன்று கம்பீரமாக நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது அதற்கும் பின்னர்தான். ஆசிரியர், பாட்டு, சங்கம், மன்றம் என்று வந்த இந்த வரிசை அடிகள் காட்டிய வரிசையே.

மன்றம் எழுவதற்கு முன்பே, 1949இல், சங்கம் பண் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. ஓதுவார்களும் வித்துவான்களும் தமிழறிஞர்களும் ஒரே அவையில் அமர்ந்து, ஆண்டுதோறும் சில பண்களை எடுத்துப் பாடிக்காட்டி, கேட்டு, வாதிட்டு முடிவு கண்டார்கள். நட்டபாடை நாட்டையோடும், கௌசிகம் பைரவியோடும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியோடும், பழம்பஞ்சுரம் சங்கராபரணத்தோடும் இணைவதை இன்று சிறுவர்களும் சொல்கிறார்கள். ஓதுவார் மரபு காத்து வந்த இந்த இணைப்புகளை அவையேற்றி ஆராய்ந்து ஊரறியச் செய்ததில் அந்த அவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குடந்தை ப. சுந்தரேசனார் போன்றோர் இத்துறைக்கு வாழ்நாளையே கொடுத்தார்கள். சங்கம் இசைக் கல்லூரியும் நடத்துகிறது. இசைக் கருவிகளின் காட்சியகமும் வைத்திருக்கிறது. மாலையில் கச்சேரி கேட்கும் மன்றத்தில் காலையில் ஆராய்ச்சி நடப்பதால்தான் அதை நான் முழுமையான அரங்கு என்கிறேன்.

பண் முறையில் அரங்குக்குப் பயன்படும் இன்னொரு செல்வமும் உண்டு. பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று நம் முன்னோர் பொழுது வகுத்திருக்கிறார்கள். புறநீர்மை விடியலுக்குரியது, செவ்வழியும் செந்துருத்தியும் எப்போதும் பாடத்தகும். நிகழ்ச்சி நிரல் எழுதுபவர் இந்தப் பகுப்பைக் கையில் வைத்திருந்தால் காலை நிகழ்ச்சிக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் தனித்தனிச் சுவை வாய்க்கும்.

அரங்கக் குழுவினருக்கு

வாடகைக்கு விடும் நாள்கள் வரவு தரும்; அதை நான் குறை சொல்லவில்லை. மின்கட்டணமும் துப்புரவுச் செலவும் எங்கிருந்தேனும் வரவேண்டும். ஆயினும் மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்கள் எவ்வளவு வாடகை வந்தாலும் பிறருக்கு விடாத நாள்களாக இருக்கட்டும். அவற்றில் ஒன்று ஓதுவாருக்கு, ஒன்று நாகசுரத்துக்கு, ஒன்று நம் வட்டாரத் தெருக்கூத்துக் குழுவுக்கு, ஒன்று இங்கேயே பயிலும் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். வெளியூர் வித்துவான்களை மார்கழியில் மாலையிட்டு வரவேற்போம். அவர்கள் காலையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தரவும் வேண்டிக்கொள்வோம். கூத்துக் கலைஞர் வேடம் புனைய நல்ல தண்ணீரும் கண்ணாடியும் உள்ள அறை வேண்டும். நானூறு பேருக்கு வீடு கட்டித் தந்த மன்னன் மரபில் வந்த நாம் ஓர் அறைக்குத் தயங்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் ஊதியம். பாட்டு, நடனம், தேவாரம், நாகசுரம், தவில் ஆகியவற்றைக் கற்பிப்போருக்கு மாதச் சம்பளம் தரத் தனி வைப்பு நிதி வேண்டும். அதன் வட்டியை வேறு எச்செலவுக்கும் எடுக்கலாகாது என்று விதியில் எழுதிவிட வேண்டும். ஆசிரியர் ஒருவர் விலகினால் அடுத்தவரைத் தேர்பவர்கள் அந்தக் கலையை அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதையும் உடன் சேர்க்க வேண்டும். திறப்பு விழா முடிந்து கூடும் முதல் பொதுக்குழுவில் இதையே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களையும் செயலாளர் அவர்களையும் பணிந்து வேண்டுகிறேன். அந்நிதிக்கு என் ஓய்வூதியத்திலிருந்து இயன்றதை முதல் நன்கொடையாக அன்றே செலுத்துவேன்.

திருச்சிற்றம்பலம்.