சேதுவுக்குப் போன வண்டிகள் எங்கே தங்கின?

மதுரையில் ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் ராமேஸ்வரம் வந்துவிடும். வழியில் மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று நிலையங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். இந்தப் பெயர்களில் சத்திரக்குடியையும் மண்டபத்தையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போனால் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று இன்னும் இரண்டு ஊர்கள். சத்திரம், மண்டபம், மடம் எல்லாமே வழிப்போக்கர்கள் தங்கிய இடத்துக்கான சொற்கள். ஒரே பாதையில் இத்தனை தங்குமிடப் பெயர்கள் ஏன்?

ரயில் வருவதற்கு முன்பு இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வாரம் வரை ஆனது. வசதி உள்ளவர்கள் கூண்டு வண்டியில் வந்தார்கள், இல்லாதவர்கள் நடந்தார்கள். கூண்டு வண்டி என்பது கிட்டத்தட்ட ஓடும் வீடு. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, குழந்தைகளும் வயதானவர்களும் படுத்துக்கொள்வார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், மாட்டுக்குத் தீவனம் எல்லாம் வண்டியோடு வரும். மேலைநாடுகளில் இன்று படுக்கையும் சமையலறையும் வைத்த பெரிய வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வண்டிகளுக்கும் இரவில் நிறுத்த இடம், தண்ணீர், கழிவு வசதி வேண்டும். நகரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. நம் ஊர் மாட்டு வண்டிக்காரருக்கும் அதே கேள்விதான் இருந்தது.

ஒரு நாள் தூரம்

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் ஓட்டினால் மாடு மறுநாள் எழுந்திருக்காது. மதுரையிலிருந்து மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர். ஆக, ஆறு ஏழு இரவுகள் எங்காவது தங்கியே ஆக வேண்டும். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே சத்திரக்குடி இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அந்த ஊரின் பெயர் புரியும்.

தூரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, தண்ணீர் வேண்டும். ராமநாதபுரம் சீமை வறண்ட பூமி. கண்மாய்த் தண்ணீர் பாசனத்துக்கு, ஊருணித் தண்ணீர் குடிப்பதற்கு என்று பிரித்து வைத்துப் பிழைத்த மண் அது. நல்ல ஊருணியோ கிணறோ இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய சத்திரம் கட்டினாலும் பயனில்லை. கடலை நெருங்க நெருங்க இந்தச் சிக்கல் கூடும். மணல்மேட்டில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடும். எங்கே தோண்டுவது என்று தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் தங்குமிடம் அமையாது.

மூன்றாவது, நிழல். மாட்டை அவிழ்த்துக் கட்ட மரத்தடி வேண்டும், வண்டிகள் வரிசையாக நிற்கத் திறந்தவெளி வேண்டும். ஊருக்கு வெளியே இருந்த இந்த இடத்துக்கு வண்டிப்பேட்டை என்று பெயர். நடந்து வந்தவர்களுக்குச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் அடுத்தவர் உதவி தேவைப்படாதபடி, தோள் உயரத்தில் வைத்த கல் அது. கர்ப்பமாக இருந்தபோது இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் வழக்கம்.

கட்டியவர்கள்

ராமநாதபுரத்தை ஆண்டவர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். சேதுவுக்கு வரும் யாத்திரிகர்களைக் காப்பது அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்த கடமை. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. சேதுபதிகள் சத்திரங்களும் மடங்களும் அமைத்து, அவற்றின் செலவுக்குக் கிராமங்களை மானியமாக எழுதி வைத்தார்கள். கட்டடம் கட்டுவது ஒரு நாள் செலவு, தினமும் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்குத்தான் அந்த மானியம்.

மதுரைப் பாதையைப் போலவே தஞ்சாவூரிலிருந்தும் ஒரு பாதை இருந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்கு வந்து, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கே இறங்கி ராமநாதபுரத்தை அடையும். இதில் சத்திரங்களை அமைத்தவர்கள் தஞ்சை மராத்திய மன்னர்கள். சேதுபாவாசத்திரம் என்ற ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது.

1799-ல் சரபோஜியின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. நாட்டை விட்டுக்கொடுத்தவர், சத்திரங்களை விட்டுக்கொடுக்கத் தயங்கினார். 1801-ல் தஞ்சாவூரில் இருந்த கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விரிவாகச் சொல்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மற்றதும் தருவார்கள். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரச் சொல்வார்கள். நோயாளிக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர் இருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைத்தன. சத்திரத்தில் பிரசவமான பெண் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சத்திரங்களில் சாதிக்கு ஓர் இடம், சாதிக்கு ஒரு பந்தி என்பதே பொதுவாக இருந்த நடைமுறை. சிலருக்கு உள்கூடம், சிலருக்குத் திண்ணை, சிலருக்கு வெளியே மரத்தடி. சோறு எல்லோருக்கும் கிடைத்தது, மரியாதை அப்படிக் கிடைக்கவில்லை.

கடைசி இரவு

மண்டபத்தோடு வண்டியின் வேலை முடிந்தது. அங்கிருந்து படகில் கடலைக் கடந்து பாம்பனில் இறங்க வேண்டும். காற்று அடித்தால் படகு கிளம்பாது, காத்திருக்கத்தான் வேண்டும். தீவுக்குள் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போல மணலில் நடை. வயதானவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி. இந்த நடையின் வழியில்தான் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் இருக்கின்றன.

ரயில் வந்தது

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் பாதை திறந்தது. 1914-ல் பாம்பன் பாலம் வந்தது. ஒரு வாரப் பயணம் ஒரே நாளுக்குள் அடங்கிவிட்டது. வண்டி வராத சாலையில் சத்திரத்துக்கு என்ன வேலை? சில கட்டடங்கள் பள்ளிக்கூடமாயின, சில இடிந்தன, பல ஊர்களில் பெயர் மட்டும் மிஞ்சியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அங்கிருந்த யாத்திரிகர் விடுதிகளும் போய்விட்டன.

1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகு கதை மறுபடி திரும்பியது. இன்று வட மாநிலங்களிலிருந்து பேருந்தில் நாற்பது ஐம்பது பேராக வருகிறார்கள். அடுப்பு, மாவு, பருப்பு எல்லாம் அவர்களோடே வருகிறது. சாலையோரத்தில் பேருந்தை நிறுத்தி, அங்கேயே ரொட்டி சுட்டு, அங்கேயே படுக்கிறார்கள். கூண்டு வண்டியில் வந்தவர்களின் அதே பயணம்தான் இது. ஆனால் பெண்கள் குளிக்க மறைவான இடமும், நல்ல தண்ணீரும், குப்பை போட ஒரு மூலையும் பல இடங்களில் இல்லை. அதனால் வந்தவர்களுக்கும் சிரமம், ஊர்க்காரர்களுக்கும் சிரமம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அது வசதி உள்ள சுற்றுலாப் பயணிகளை மனதில் வைத்தது. சேதுப் பாதையில் வரும் பேருந்துகளில் பெரும்பாலோர் விடுதிக் கட்டணம் கொடுக்க முடியாத கிராமத்து மக்கள்.

அவர்களுக்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தூரம், நல்ல தண்ணீர், நிழல், வண்டி நிற்க இடம் என்று பழையவர்கள் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. பேருந்துக்கு ஒரு நாள் தூரம் எவ்வளவு என்பதை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். அடுத்த முறை ரயிலில் சத்திரக்குடியைக் கடக்கும்போது அந்தப் பெயர்ப் பலகையை ஒரு தடவை பாருங்கள்.