டஸ்கீகியின் பயிற்சி விமானம்

வாஷிங்டன் நகரில், ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கென 2016-இல் திறக்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகத்தில், நீலமும் மஞ்சளும் பூசிய சிறு விமானம் ஒன்று தொங்குகிறது. 1944-இல் உருவான ஸ்டியர்மன் பயிற்சி விமானம் அது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. கூரையற்ற இரு இருக்கைகள்.

கறுப்பினத்தவர்க்குப் போரில் தலைமை தாங்கும் தகுதி இல்லையென 1925-இல் அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரியின் அறிக்கையொன்று கூறிற்று. நூலறிவு படைத்தோரே எழுதிய அறிக்கை என்பதுதான் வேதனை. 1941-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் அவர்களுக்கெனத் தனியே விமானப் பயிற்சி தொடங்கியது. வெள்ளையரோடு சேர்ந்து பயில இடமில்லை. 1942 மார்ச்சில் ஐவர் தேறினர். 1946-க்குள் 990-க்கும் மேற்பட்டோர் விமானிகளாயினர். அவர்கள் முதற்பாடம் கற்ற இடம் மோட்டன் திடல். ஸ்டியர்மனில் ஆசிரியர் குரல் ஒரு குழாய்வழியே மாணவன் செவியை எட்டும். மாணவன் மறுமொழி கூற வழியில்லை. (அத்தகைய வகுப்பறைகளை ஆசிரியர்களாகிய நாமும் கண்டிருக்கிறோம்!)

போருக்குப்பின் இவ்விமானம் வயல்களில் மருந்து தெளித்தது. 2005-இல் விமானப்படை அதிகாரி ஒருவர் இதனைச் சிதைந்த நிலையில் வாங்கிச் செப்பனிட்டார். பழைய ஆவணங்களைத் தேடியபோதுதான் இது மோட்டன் திடலில் பறந்தது என்பது அவருக்குத் தெரியவந்தது. 2011-இல் நாட்டின் குறுக்கே தாமே ஓட்டிச்சென்று அருங்காட்சியகத்தினரிடம் ஒப்படைத்தார். சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் முதிய டஸ்கீகி விமானிகள் தம் கையொப்பத்தை இட்டுள்ளனர்.